உணவுக்குப் போகும் பங்கு: புதுச்சேரி வீடும் பாரிஸ் வீடும்

கேள்வி (முத்தியால்பேட்டை):
பாரிஸ் புறநகரில் வாடகை வீட்டில் வாழும் என் அக்கா ஊருக்கு வந்திருந்தபோது, இருவரின் வீட்டுக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எங்கள் செலவில் ஏறத்தாழப் பாதி மளிகை, காய்கறி, மீன், பால் என்று போகிறது. அவருக்கு உணவு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, வாடகையே முதலிடத்தில் நிற்கிறது. எங்களுடையது அப்பா கட்டிய சொந்த வீடு. பிரான்சில் உணவு மலிவு என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா?

மறுமொழி (லாசுப்பேட்டை):
கொள்ள இயலாது. வருமானம் உயரும்போது உணவுக்கான தொகை கூடினாலும் மொத்தச் செலவில் அதன் பங்கு குறைகிறது என்பதை, பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து, ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857-இல் எடுத்துக்காட்டினார். பிரான்சிலேயே 1960-இல் 35 விழுக்காடாக இருந்த உணவின் பங்கு 2014-இல் 20 ஆகிவிட்டது. இந்தியக் கிராமங்களில் 2011-12-இல் ஏறத்தாழ 53 ஆக இருந்தது 2022-23-இல் 46 ஆனது. நகரங்களில் 43 இலிருந்து 39.

ஆனால் உங்கள் ஒப்பீட்டில் வேறொன்று மறைந்திருக்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்போர் தமக்குத் தாமே வாடகை செலுத்துவதாகக் கருதி பிரான்சின் தேசியக் கணக்கு ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்கிறது. நம் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் மொத்தத்தில் அது சேர்வதில்லை. மாதம் 30,000 ரூபாய்ச் செலவில் உணவு 14,000 என்றால் பங்கு 47 விழுக்காடு. உங்கள் வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய வாடகை 10,000 என்று சேர்த்தால் அதே உணவு 35 ஆகிவிடும்.

மறுமொழி (கடலூர் முதுநகர்):
உணவுக்குள் நடந்த மாற்றத்தையும் பாருங்கள். என் அம்மாவின் பழைய கணக்கு நோட்டில் மாதத்தின் முதல் வரி அரிசி மூட்டைதான். இந்தியக் கிராமங்களில் 1999-2000-இல் மொத்தச் செலவில் சுமார் 22 விழுக்காட்டை எடுத்துக்கொண்ட தானியம், 2022-23-இல் 5 விழுக்காட்டுக்குச் சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. புதுச்சேரியிலோ 2015 முதல் பல ஆண்டுகள் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் வந்தது. ஆகவே கன்னியக்கோயில் எல்லைக்கு இருபுறமும் ஒரே அளவு சோறு உண்ட இரு குடும்பங்களில், கடையில் அரிசி வாங்கிய புதுச்சேரிக் குடும்பத்தின் கணக்கில் மட்டும் அது செலவாகப் பதிவாகியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
வாடகையைச் சேர்த்ததும் எங்கள் பங்கு 36-க்கு வந்தது. ஆனால் அம்மாவின் மருந்துச் செலவுக்கு இணையான வரி அக்காவின் கணக்கில் இல்லையே?

மறுமொழி (லாசுப்பேட்டை):
அங்கே அதன் பெரும்பகுதியைச் சமூகக் காப்பீடு ஏற்கிறது. அதற்கான தொகை சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுவதால் வீட்டுக் கணக்கில் தெரியாது. இந்தியாவில் 2021-22-இல் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே செலுத்தினர். அக்காவின் சம்பளச் சீட்டையும் அவருடைய வீட்டுக் கணக்குக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.