முகத்துக்கான எண்ணெயில் டீ ட்ரீ ஆயில் எத்தனை சொட்டு?

கேட்டவர்: தும்பைப்பூ

எண்ணெய் வழியும், பரு வரும் முகம். இரவில் பூச இப்படி ஒரு கலவை யோசித்திருக்கிறேன்: ஜோஜோபா ஆயில் 30 மில்லி, டீ ட்ரீ 12 சொட்டு, எலுமிச்சை எசென்ஷியல் ஆயில் 6 சொட்டு. இதே இரண்டையும் ரோஸ் வாட்டரில் விட்டுக் குலுக்கி, காலையில் ஸ்ப்ரேயாக அடிக்கலாமா? டீ ட்ரீ பாட்டில் திறந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வாசனை நன்றாகவே இருக்கிறது.

பதில்: வேம்பு

அளவு அதிகம். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால் உங்கள் 18 சொட்டு 0.9 மில்லி, அதாவது 3 சதவீதம். தினமும் முகத்தில் பூசிக் கழுவாமல் விடும் எண்ணெய்க்கு 0.5 முதல் 1 சதவீதம் போதும். 30 மில்லிக்கு எல்லாம் சேர்த்தே 6 சொட்டு.

சொட்டுக் கணக்கும் ஏமாற்றும். மூடியின் துளையையும் எண்ணெயின் கனத்தையும் பொறுத்து ஒரு மில்லி 20 சொட்டாகவும் வரும், 30-ஐத் தாண்டியும் வரும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஈரமில்லாத கறுப்புக் கண்ணாடி பாட்டிலைத் தராசில் வைத்து, ஜோஜோபா 29.6 கிராம், டீ ட்ரீ 0.2, வைட்டமின் ஈ 0.2 எடையிட்டு ஊற்றுங்கள். மூடி, உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் கலந்துவிடும். இரவில் முகம் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு, கண்ணைச் சுற்றித் தவிர்த்து.

எலுமிச்சையை விட்டுவிடுங்கள். தோலைப் பிழிந்து எடுக்கும் எலுமிச்சை எண்ணெயில் ஃபியூரனோகூமரின்கள் என்ற, வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும் பொருள்கள் உண்டு. பூசிய இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்தழும்பும் வரும். பிழிந்த எலுமிச்சை எண்ணெய்க்கு வழக்கமான உச்சவரம்பு 2 சதவீதம். உங்கள் அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் பருவுக்கு அதனால் பெரிய பலன் இல்லாதபோது எதற்கு அந்த ஆபத்து? ஆவியில் வடித்த எலுமிச்சை எண்ணெயில் இந்தப் பிரச்சினை வராது. லேபிளில் எந்த முறை என்று போடாவிட்டால் பிழிந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய டீ ட்ரீயை முகத்துக்கு வேண்டாம். காற்றுப் பட்டு ஆக்ஸிடைஸ் ஆனபின் உண்டாகும் பொருள்கள்தான் அலர்ஜியை அதிகம் கிளப்புகின்றன. மூக்கை நம்பிப் பயனில்லை. டர்பென்டைன் நெடி வருவதற்கு முன்பே கெட்டிருக்கும். இனி 10 மில்லி பாட்டிலாக வாங்கி, திறந்த தேதியை எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

முழங்கை மடிப்பில் பூசி 24 மணி நேரம் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

பதில்: நொச்சி

வேம்பு சொன்னதில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். 24 மணி நேரம் போதாது. எரிச்சல் உடனே தெரியும், அலர்ஜி தாமதமாக வரும். இரண்டு மூன்று நாள் கழித்தும் தடிக்கலாம். பூசப்போகும் கலவையையே, எசென்ஷியல் ஆயிலைத் தனியாக அல்ல, முன்கையின் உள்பக்கம் ஒரே இடத்தில் காலை மாலை ஒரு வாரம் தடவுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ நிறுத்திவிடுங்கள். வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது: சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு மென்மையான சோப்பால் கழுவவும். ஒருமுறை அலர்ஜி ஆகிவிட்டால் அந்த எண்ணெய் பெரும்பாலும் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் குறைந்த அளவை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

ஸ்ப்ரே விஷயம்: எசென்ஷியல் ஆயில் தண்ணீரில் கரையாது. குலுக்கினாலும் சில நொடிகளில் மேலே மிதக்கும், ஏதோ ஒரு தடவை அடிக்கும்போது நேர் எண்ணெயே முகத்தில் விழும். கரைக்க வேண்டுமானால் முதலில் எண்ணெய் ஒரு பங்குக்கு நான்கு பங்கு பாலிசார்பேட் 20 (எண்ணெயைத் தண்ணீரில் கரைய வைக்கும் பொருள்) கலந்து, அதன்மேல் ரோஸ் வாட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கலங்கினால் பாலிசார்பேட் போதவில்லை. தண்ணீர் சேர்ந்ததால் ப்ரிசர்வேட்டிவும் அவசியம். டீ ட்ரீ கிருமியைக் கொல்லும் என்றாலும் இந்த அளவில் பாட்டிலைக் காப்பாற்றாது. வைட்டமின் ஈயும் கிருமியைத் தடுக்காது, எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத்தான் தள்ளிப்போடும். என்னைக் கேட்டால் ஸ்ப்ரேயில் எசென்ஷியல் ஆயிலே வேண்டாம்.

கேட்டவர்: தும்பைப்பூ

நன்றி. பருவின் மேல் மட்டும் டீ ட்ரீயை நேராக வைக்கலாமா? லாவெண்டர் மென்மையானது, அப்படியே தடவலாம் என்கிறார்களே?

பதில்: நொச்சி

இரண்டுமே நேராக வேண்டாம். லாவெண்டரில் உள்ள லினலூலும் காற்றுப் பட்டால் அலர்ஜி தரும் பொருளாகிவிடும். டீ ட்ரீக்கு 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஒப்பீட்டில் பயன்படுத்தியதே 5 சதவீத ஜெல்தான். பருவுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக வேலை செய்தது, பக்கவிளைவு குறைவு. ஆகவே பருவின் மேல் மட்டும் என்றால் ஜோஜோபா 9.5 கிராமுக்கு டீ ட்ரீ 0.5 கிராம், பஞ்சுக்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள். முகம் முழுக்கத் தேய்க்க இது அல்ல. பூனை வளர்த்தால் அது நக்க முடியாத இடத்தில் வைக்கவும், டீ ட்ரீ அதற்கு விஷம்.