களி இறங்குகிறது, தண்ணீர் புரையேறுகிறது!

கோபிக்காரன்: எங்கள் அப்பாரு கம்மங்களியைக் கீரைக் கடைசலில் புரட்டி மெல்லாமலே விழுங்குகிறார். வெறும் தண்ணீருக்குத்தான் புரையேறுகிறது. இதென்ன கூத்து?

பெருந்துறை செவிலி: கூத்தே இல்லை, தம்பி. விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் மூச்சு நின்று, குரல்வளை மேலெழுந்து, அதன் மூடி கவிழ்ந்து, குரல்நாண்களும் ஒன்றோடொன்று சேர்ந்து மூச்சுக்குழாயின் வாயை மூட வேண்டும். தொண்டையில் கைவைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், குரல்வளை ஏறி இறங்குவது தெரியும். முதுமையில் இது சற்றுத் தாமதமாகத் தொடங்கும், தண்ணீர் முந்திக்கொள்ளும். களி நிதானமாக நகரும். ஆனாலும் மெல்லாமல் விழுங்குவது எனக்குப் பிடிக்கவில்லை, அடைத்துக்கொண்டால் ஆபத்து.

காங்கேயத்தான்: சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கிறாரா?

கோபிக்காரன்: ஆமாம், எச்சில் படக்கூடாதாம்.

பெருந்துறை செவிலி: அதை முதலில் நிறுத்துங்கள்! அண்ணாந்தால் தண்ணீர் கட்டுப்பாடின்றிப் பாயும். நிமிர்ந்து உட்கார்ந்து மிடறு மிடறாகக் குடிக்கட்டும். அடிக்கடி புரையேறினாலோ, குடித்தபின் குரல் கரகரத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.