பழைய மடிக்கணினியில் இணையப் பக்கம் திறக்கவே நேரமாகிறது, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் காபியோடு அதில்தான் செய்தித்தாள் படிப்பார். இப்போது ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

இணைப்பில் குறை இல்லை. அதே வைஃபையில் என் கைபேசியில் அதே பக்கம் உடனே வந்துவிடுகிறது. நேற்று, கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக் கவனித்தேன். பிரவுசரில் மூன்றாவது டேப் திறந்ததும் ரேம் 90 சதவீதத்தைத் தாண்டியது. உடனே டிஸ்க் 100-ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ரேமில் இடமில்லாமல் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கிறது என்று நினைக்கிறேன். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் பழைய டிஸ்க் அது.

கேஷை அழித்தேன், தேவையற்ற எக்ஸ்டென்ஷன்களை நீக்கினேன். பெரிய மாற்றமில்லை.

கையில் 3,000 ரூபாய் இருக்கிறது. முதலில் இந்த டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான சேமிப்பகம்) போடுவதா, ரேமை 8 ஜிபி ஆக்குவதா? உள்ளே இருக்கும் ரேமின் வகை டிடிஆர்3-ஆ, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் டிடிஆர்3எல்-ஆ என்று கழற்றாமல் அறிய முடியுமா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் அப்பாவுக்குப் பழகிய தமிழ்99 விசைப்பலகை சரியாக வேலை செய்யுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.