சுண்ணாம்புப் பாறைக் கிணறுகளில் அமிலம்: செலுத்தும் வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்?

நுண்துளை கேட்டது:
அனைவருக்கும் வணக்கம். பெட்ரோலியப் பொறியியலில் முதுநிலை படிக்கிறேன். எண்ணெய் எளிதாகப் பாய, கிணற்றைச் சுற்றியுள்ள பாறையை அமிலத்தால் கரைத்து வழி திறக்கும் முறையை ஆய்வகத்தில் சோதித்தோம். ஒன்றரை அங்குல விட்டமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட இரண்டு சுண்ணாம்புப் பாறை உருளைகளில் 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்திப் பார்த்தோம். மிக மெதுவாகச் செலுத்திய உருளையில் அமிலம் நுழைந்த முகப்பு மட்டும் கரைந்து குழிந்தது. மறுமுனைக்கு வழி திறக்கவேயில்லை. சற்று வேகமாகச் செலுத்தியதிலோ, அதைவிடக் குறைந்த அமிலமே ஓரிரு மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்றை உருளை முழுவதும் குடைந்துவிட்டது. வினைபுரியக் கூடுதல் நேரம் கொடுத்தால் பலன் கூட வேண்டும் அல்லவா? உண்மையான கிணற்றில் வேகத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்?

கால்சைட் எழுதியது:
சுண்ணாம்புப் பாறையின் முதன்மைக் கனிமமான கால்சைட்டோடு இந்த அமிலம் மிக விரைவாக வினைபுரியும் என்பதுதான் காரணம். மெதுவாகச் செலுத்தினால் முகப்பிலேயே அதன் வலிமை தீர்ந்துவிடுகிறது. போதிய வேகம் இருந்தால் அமிலம் பெரிய நுண்துளைகளை நாடி ஓடுகிறது. அவை கரைந்து அகல அகல இன்னும் அதிக அமிலத்தை ஈர்க்கின்றன. புழு குடைந்தது போன்ற அந்தத் துளை, அதாவது வார்ம்ஹோல், உருவாவது இப்படித்தான். வேகத்தை மேலும் கூட்டினால் துளை பல கிளைகளாகப் பிரிந்து அமிலம் வீணாகும். ஆகவே இடையில் ஓர் உகந்த வேகம் உண்டு. வெப்பநிலை உயரும்போது அதுவும் உயர்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கனமீட்டர் 15 சதவீத அமிலம் சுமார் 220 கிலோ கால்சைட்டைத்தான் கரைக்கும். கனஅளவில் அது ஏறத்தாழ 8 சதவீதமே. கிணற்றைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குப் பாறை முழுவதையும் கரைக்க நினைத்தால், ஒவ்வொரு மீட்டர் தடிமனுக்கும் 30 கனமீட்டருக்கு மேல் அமிலம் தேவைப்படும். நடைமுறையில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு கனமீட்டரோடு முடித்துவிடுகிறார்கள். பாறையில் மிகச் சிறு பகுதியை மட்டும் கரைத்துத் தொலைவுக்கு வழி திறப்பதே இந்த முறையின் அழகு. கிணற்றருகே ஓட்டத்துக்குள்ள தடையைக் குறிக்கும் ஸ்கின் மதிப்பு (எதிர்மறை என்றால் ஓட்டம் எளிது) −3 ஆனால், 10 செ.மீ. ஆரமுள்ள கிணறு சுமார் 2 மீட்டர் ஆரமுள்ள கிணற்றைப் போல எண்ணெய் தரும்.

களத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமிலம் கிணற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பரப்பு விரிவதால் அதன் ஓட்டவேகம் குறைந்துகொண்டே போகும். எனவே சுண்ணாம்புப் பாறையில், பாறை பிளக்கும் அழுத்தத்தைத் தொடாமல், முடிந்த அளவு வேகமாகச் செலுத்துவதே பொது வழக்கம். குறைந்த வெப்பநிலையில், மெக்னீசியமும் கலந்த கார்பனேட் பாறையான டோலமைட் மிக மெதுவாகக் கரையும் என்பதால், அங்கே இதே விதியை அப்படியே பொருத்த முடியாது.

கடல்மேடை எழுதியது:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வேகத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அமிலம் எங்கே போகிறது என்பதுதான். 1974இல் அரபிக்கடலில் கண்டறியப்பட்ட மும்பை ஹை எண்ணெய் வயலின் எல்-3 என்ற எண்ணெய்ப் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே சுண்ணாம்புப் பாறைப் பாளம் அன்று. களிப்பாறைப் பட்டைகளால் பிரிக்கப்பட்ட பல அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஊடுருவுதிறன். இத்தகைய கிணற்றில் அமிலத்தை வெறுமனே விட்டால், ஏற்கெனவே நன்றாகப் பாயும் அடுக்கே அதைக் குடித்துவிட்டு மேலும் திறந்துகொள்ளும். உதவி தேவைப்படும் அடுக்கு அப்படியே கிடக்கும். திறந்த அடுக்கு நீரடுக்கோடு தொடர்புடையதாக இருந்துவிட்டால், கிணறு எண்ணெய்க்குப் பதில் நீரைத்தான் கூடுதலாகத் தரும்.

அதனால்தான் அமிலத்தை வேறு அடுக்குகளுக்குத் திருப்பும் திசைதிருப்பிகளைப் பயன்படுத்துகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது விஸ்கோஎலாஸ்டிக் சர்ஃபாக்டன்ட் (கூழ்போலக் கெட்டிப்படக்கூடிய, சோப்பு போன்ற பொருள்) கலந்த அமிலம். செலுத்தும்போது நீர்த்திருக்கும், பாறையைக் கரைத்து வலிமை இழந்து, கால்சியம் கூடியதும் கெட்டிப்பட்டு, அடுத்து வரும் அமிலத்தை வேறு அடுக்குக்குத் தள்ளும், பிறகு எண்ணெய் பட்டதும் மீண்டும் இளகிவிடும். வெப்பம் மிகுந்த இடங்களில், டீசலுக்குள் அமிலத் துளிகளைச் சிதறவைத்த எமல்ஷன் வினையைத் தாமதப்படுத்தி அமிலத்தை ஆழத்துக்குக் கொண்டுசெல்கிறது.

நுண்துளை கேட்டது:
மிக்க நன்றி. இவ்வளவு அமிலமும் எஃகுக் குழாய் வழியாகத்தானே இறங்குகிறது? குழாய் எப்படித் தாங்குகிறது?

இரும்புத்துரு எழுதியது:
அரிப்பைக் குறைக்கும் தடுப்பான் என்ற சேர்மம் இல்லாமல் தாங்காது. வேதியியலாளர் ஹெர்மன் ஃபிராஷ் 1896லேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றும், குழாய் அரிப்பு பெரும் தடையாக நின்றது. 1932இல் மிச்சிகனில் ப்யூர் ஆயில் நிறுவனத்தின் கிணற்றில் டவ் கெமிக்கல் தடுப்பானாக ஆர்சனிக் சேர்மம் கலந்த அமிலத்தைச் செலுத்திய பின்னரே இது பரவலாகியது. ஆர்சனிக் நச்சு என்பதால், இன்று கரிமச் சேர்மங்களே தடுப்பான்களாகப் பயன்படுகின்றன.

அரிப்பைவிட அதிகம் மறக்கப்படுவது இரும்பு. குழாயின் துருவை அமிலம் கரைத்து உள்ளே கொண்டுபோகிறது. வினை முடிந்து பி.எச். 2ஐத் தாண்டியதும் ஃபெரிக் இரும்பு வீழ்படிவாகி, அரும்பாடுபட்டுத் திறந்த வழியையே அடைக்கத் தொடங்கும். அஸ்பால்டீன் (தார் போன்ற கனமான கூறு) மிகுந்த எண்ணெயாக இருந்தால், பிசுபிசுப்பான கசடும் சேரும். சிட்ரிக் அமிலம் இரும்பைக் கட்டிவைக்கும். ஆனால் அளவு மீறினால் கால்சியம் சிட்ரேட் படியும். ஆகவே முதலில் சிறிதளவு அமிலத்தால் குழாயைக் கழுவி, அந்தக் கழிவை மேலே எடுத்துவிட்டு, அதன் பிறகே முதன்மை அமிலத்தை இறக்குங்கள். கிணற்றின் எண்ணெயையும் செலுத்தவிருக்கும் அதே அமிலக் கலவையையும், இரும்பும் சேர்த்து, ஒரு குப்பியில் கலந்து கிணற்றடி வெப்பநிலையில் வைத்த பின் சல்லடையில் ஊற்றிப் பாருங்கள். சல்லடையில் கசடு தங்கினால், கலவையை மாற்றாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.