பெரிய வீட்டுக் குழு: ஊர் ஏரியைத் தூர் வாருவது பற்றி

பெரியப்பா (ஊர்): எல்லோருக்கும் காலை வணக்கம். ஞாயிறு பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பாசன சங்கக் கூட்டம். கோடையில் ஏரியைத் தூர் வாருவது பற்றித்தான் பேச்சு. லாரி வைத்திருக்கும் ஒருவர், "எனக்கு ஒரு பைசா வேண்டாம், வெட்டுகிற மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆயக்கட்டில், அதாவது ஏரி பாயும் பரப்பில், நம் எல்லோருக்கும் நிலம் இருப்பதால் உங்கள் கருத்தைக் கேட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா (பெங்களூரு): நல்ல செய்தி அண்ணா. ஏரி மேடு தட்டிப் பல காலம் ஆகிறது. ஒரே மட்டமாகப் பத்தடி தோண்டிவிடச் சொல்லுங்கள். உள்ளே நிற்கும் முள் மரங்களை வேரோடு எடுத்துவிட்டால் தண்ணீர் இன்னும் நிறைய நிற்கும். கரை மேல் நடைபாதை, விளக்கு, இரண்டு படகு. வேடந்தாங்கலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி நம் ஊருக்கும் வரும்.

அத்தை (மதுராந்தகம்): எல்லாவற்றையும் முள் மரம் என்று சொல்லிவிடாதே தம்பி. நடுவில் நிற்பவை நாட்டுக் கருவேலம். கலப்பைக்குக் கட்டை வேண்டுமென்றாலும் அப்பா கரைக்கு வெளியே இருப்பதைத்தான் வெட்டுவார். நாரை கூடு கட்டின மரத்தில் கத்தி வைக்க விடமாட்டார்.

நான்: பெரியப்பா, அந்த லாரிக்காரருக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். அவருக்கு வண்டல் தேவையில்லை, வண்டலுக்கு அடியில் இருக்கும், பள்ளம் நிரப்ப விற்கிற சவுடு மண்தான் தேவை. அது கிடைக்கிற இடத்தில் கிணறு போலத் தோண்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு அந்தக் குழி ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆபத்து, மாடுகளுக்கும் ஆபத்து.

சித்தப்பா, ஒரே மட்டம் என்பதுதான் என்னைப் பதற வைக்கிறது. நம் ஏரி இப்போது எப்படி இருக்கிறது? கிழக்கே கரையை ஒட்டி ஆழம், மேற்கே உள்வாய் பக்கம், அதாவது தண்ணீர் வந்து நுழைகிற பக்கம், போகப் போகக் குறைந்து கடைசியில் வெறும் சேறு. இந்தச் சரிவில்தான் எல்லாப் பறவைக்கும் இடம் இருக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆழத்தில் மீன் பிடிக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை முங்கி இரை தேடுவதில்லை. தலையை மட்டும் உள்ளே விட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு அடியில் இருக்கும் விதையையும் கிழங்கையும் எடுக்கும். ஒன்றரை அடிக்கு மேல் போனால் அவற்றுக்கு எட்டாது. உள்ளானுக்குக் கணுக்கால் தண்ணீரே அதிகம். பத்தடி ஆழத்தில் தொட்டி கட்டி வைத்தால் மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருகிற வாத்து அதில் மிதக்கலாம், சாப்பிட முடியாது.

சித்தப்பா (பெங்களூரு): ஆழம் கூடினால் தண்ணீர் கூடும், விவசாயத்துக்கு நல்லதுதானே? பறவைக்காக விவசாயியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?

பெரியப்பா (ஊர்): இதற்கு நானே பதில் சொல்கிறேன். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் தானாக வாய்க்காலுக்கு ஏறாது. அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் இன்ஜின் வைத்து இறைக்கிறவனுக்குத்தான் லாபம். நாம் தூர் வாரக் கேட்பது மதகு முகப்பில் மேடு தட்டியிருக்கிற வண்டலுக்காக. அதை எடுத்தால் தண்ணீர் தங்குதடையில்லாமல் பாயும். வரத்துக்காலும் அடைந்து கிடக்கிறது. பெய்கிற மழை ஏரிக்குள் வந்து சேரவே வழியில்லாதபோது ஆழப்படுத்தி என்ன செய்வது?

சித்தப்பா (பெங்களூரு): இது எனக்குத் தோன்றவில்லை அண்ணா. சரி, மேலே சொல்லுங்கள்.

அண்ணன் (ஊர்): குழிக்கு முன்னால் குத்தகையைப் பேசுங்கள் அப்பா. போன ஜனவரியில் மீன் குத்தகை எடுத்தவர், தண்ணீர் இருந்தால் வலை போட முடியவில்லை என்று இரவில் மதகைத் திறந்துவிட்டார். நீர்க்காகம் மீனைத் தின்கிறது என்று விடியற்காலையில் வெடியும் போட்டார். மரத்தடியில் தண்ணீர் வற்றியதும் நாய்கள் உள்ளே போய்விட்டன. நடக்கப் பழகிய குஞ்சுகள் கிளையிலிருந்து விழ விழ, கீழே நாய் காத்திருந்தது. நம் நெல்லும் கதிர் வாங்குகிற நேரத்தில் காய்ந்தது.

நான்: இதைக் கூட்டத்தில் அப்படியே சொல்லுங்கள் அண்ணா. கூடு இருக்கிற மரத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறவரைதான் நரியும் நாயும் பூனையும் நெருங்காது. அதற்காகத்தான் பறவைகள் தண்ணீருக்குள் நிற்கிற மரமாகப் பார்த்துக் கூடு கட்டுகின்றன. குஞ்சு பறக்கிறவரை, மார்ச் முடியும் வரை, அந்த மரங்களின் அடி நனைந்திருக்க வேண்டும். குத்தகை ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். அதன் பிறகு ஏரி வற்றினால் கவலையில்லை, வற்றுவது நல்லதும்கூட. வெயிலில் சேறு வெடித்துக் காய்ந்தால்தான் புல்லும் கோரையும் முளைத்து விதை போடும். அடுத்த மழையில் வாத்துக்கு அதுதான் சாப்பாடு. வேடந்தாங்கல் ஏரியும் கோடையில் வற்றுகிற ஏரிதான்.

தம்பி (கல்லூரி): அக்கா, இவ்வளவு சிக்கல் எதற்கு? வேலி போட்டு, மாடு, மனிதர் யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டால் இயற்கை தானாகப் பார்த்துக்கொள்ளாதா?

நான்: ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். 1982-ல் உள்ளே மாடு மேய்ப்பதைத் தடை செய்தார்கள். காலங்காலமாக எருமை மேய்த்த ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. அதன் பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? எருமை தின்று கட்டுக்குள் வைத்திருந்த புல், தண்ணீர்ப் பரப்பை மூடிப் படர்ந்துவிட்டது. வாத்து இறங்கத் திறந்த தண்ணீர் இல்லை, மீன் குறைந்தது. இதை ஆராய்ந்து சொன்னது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். எருமையும் அந்த ஏரியைப் பராமரிக்கிற ஆள்தான் என்பது, அதை வெளியே துரத்திய பிறகுதான் புரிந்தது. உயிர் போனவர்களின் வீட்டுக்கு அந்த ஆய்வால் என்ன பயன்?

அந்தப் பூங்காவும் மனிதர் அணை கட்டித் தண்ணீர் தேக்கி உண்டாக்கிய இடம்தான். நம் ஏரியும் அப்படித்தான். ஆள் வெட்டிய ஏரியை ஆள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், தம்பி. மதகை யார், எந்த மாதம், எவ்வளவு திறப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அத்தை (மதுராந்தகம்): துப்பாக்கிச்சூடா! ஒரு புல்லுக்காகவா? கேட்கவே வயிறு எரிகிறது.

அண்ணி (ஊர்): நம் மேட்டு வயல் வரப்பில் இன்று காலையில் எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். எல்லாம் நத்தை ஓடு. ஒன்றுகூட உடையவில்லை, உள்ளே மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. யார் வேலை இது?

நான்: நத்தைகுத்தி நாரையின் வேலை அண்ணி. அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், கவனித்திருப்பீர்கள். நத்தையைச் சேற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழ் அலகின் நுனியை ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடிக்கு அடியில் செருகி, தசையை அறுத்து இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் முழுசாகவே கிடக்கும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். நாற்றைக் கடிக்கிற நத்தையை இப்படிக் கூலியில்லாமல் பொறுக்குகிற ஆள் வேறு யார் இருக்கிறார்கள்?

அண்ணி (ஊர்): அப்படியா! பிள்ளைகள் மாலை கோக்கலாம் என்று பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தப்பா (பெங்களூரு): ஒரு கேள்வி. சரணாலயம் என்பது வேடந்தாங்கல் ஏரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் சுற்றுவட்டாரம்தானே? நம் ஊர் அதற்கு வெளியே இருக்கிறது. நமக்கு ஏன் இந்தக் கட்டுப்பாடு?

நான்: 1998-ல் அறிவித்த அந்த வட்டம் காகிதத்தில் இருக்கிறது சித்தப்பா, பறவைக்கு அது தெரியாது. வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அத்தனை ஆயிரம் பறவைக்கும் குஞ்சுக்கும் அந்த ஒரு ஏரியில் மீனும் நத்தையும் எப்படிப் போதும்? அது படுக்கையறை என்றால், சமையலறை நம் ஊர் ஏரியும் வயலும்தான். காலையில் கிளம்பி இங்கே வந்து மேய்ந்து, வாயில் நிரப்பிக்கொண்டு போய்க் குஞ்சுக்கு ஊட்டுகின்றன. 2020-ல் அந்த ஐந்தை மூன்றாகக் குறைக்கும் யோசனை வந்தபோது அத்தனை எதிர்ப்பு எழுந்ததும் இதனால்தான். 2022-ல் வேடந்தாங்கலுக்கும் பக்கத்துக் கரிக்கிலிக்கும், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சர் தகுதி கிடைத்தது. பெயர்ப் பலகை அழகாக இருக்கிறது. சுற்றியுள்ள ஏரிகளை லாரிக்கு விட்டுவிட்டால் அந்தப் பலகைக்குக் கீழே மரம் மட்டும்தான் நிற்கும்.

பெரியப்பா (ஊர்): எங்கள் தாத்தா சொல்லுவார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் லயனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர், யாரும் சுடக் கூடாது என்று கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். வனத்துறையும் சட்டமும் வருவதற்கு வெகு காலம் முந்தைய கதை. எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்தக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. கலெக்டரிடம் நியாயம் கேட்கும் துணிவும் இருந்தது.

தம்பி (கல்லூரி): பெரியப்பா, இதை வீடியோவாகச் செய்யலாமா? நண்பனிடம் டிரோன் இருக்கிறது. கூடுகளுக்கு மேலே பறக்கவிட்டு எடுத்தால் கூட்டத்தில் காட்டலாம்.

நான்: வேண்டவே வேண்டாம். தலைக்கு மேல் ஏதாவது பறந்தால் பருந்து என்று நினைத்துத் தாய்ப்பறவைகள் ஒரேயடியாக எழும்பும். அந்த இரண்டு நிமிடத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும். உச்சி வெயிலில் நிழலில்லாமல் கிடந்தால் பிறந்த குஞ்சு தாங்காது. கரையிலிருந்தே எடு. அரச மரத்தடியில் நின்றால் எல்லாம் தெரியும். இருநோக்கியை நான் கொண்டுவருகிறேன்.

தம்பி (கல்லூரி): சரி அக்கா. டிரோன் இல்லை.

அண்ணன் (ஊர்): சீமைக்கருவேலத்தை என்ன செய்வது? கரையோரம் முழுவதும் அதுதான். அதுவும் இருக்கட்டும் என்று சொல்லிவிடாதே.

நான்: இருக்கட்டும் என்று சொல்ல மாட்டேன் அண்ணா. ஆனால் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். தென்மேற்கு மூலையில் இருக்கும் சீமைக்கருவேலத்தில் வக்காவும் கொக்கும் கூடு கட்டியிருக்கின்றன. வேறு மரம் வளர்ந்து நிற்கிறவரை அந்த மூலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரையோரத்தில் இருப்பதை மே மாதத்தில் வேரோடு எடுக்கலாம். மதகு முகப்பில் வெட்டும் மண்ணில் வண்டலை ஆயக்கட்டு வயல்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ஏரிக்குள்ளேயே நான்கைந்து திட்டுகளாகக் குவித்து நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் நட வேண்டும். இரண்டும் மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் தாங்கும் மரங்கள். ஆனால் கன்று முழுசாக மூழ்கினால் செத்துவிடும், அதனால் திட்டு உயரமாக இருக்க வேண்டும். மேற்கு உள்வாயில் மட்டும் பொக்லைன் இறங்கவே கூடாது. இதில் நான் ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பெரியப்பா (ஊர்): உள்வாயில் சிலர் பயிர் வைத்திருக்கிறார்கள். ஆழப்படுத்தாமல் விட்டால் இன்னும் உள்ளே வருவார்கள் என்று சங்கத்தில் சொல்வார்கள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

அண்ணன் (ஊர்): சர்வேயரை வைத்து அளந்து எல்லைக் கல் நடச் சொல்லலாம் அப்பா. கேட்டால் சண்டை வரும், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சித்தப்பா (பெங்களூரு): லாரியும் படகும் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். மரக்கன்றுச் செலவு முழுவதும் என்னுடையது. நடைபாதையை மட்டும் நான் விடுவதாக இல்லை. அம்மா கடைசி நாட்களில் அந்தக் கரையில் நடக்க முடியாமல் தடுமாறியது எனக்கு மறக்கவில்லை.

நான்: கிழக்குக் கரையில், மண் பாதையாக, விளக்கு இல்லாமல் என்றால் எனக்கு முழுச் சம்மதம் சித்தப்பா. இரவில் வெளிச்சம் பட்டால் பறவை அடையாது.

பெரியப்பா (ஊர்): சரி, நீயே மனுவை எழுதி அனுப்பு. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதே, யாரும் படிக்க மாட்டார்கள். ஒன்று நீர்வளத் துறைக்கு, ஒன்று வனத்துறைக்கு, ஒன்று சங்கத்துக்கு. மதகு அடிமட்டத்தை உன் அண்ணன் நாளை அளந்து சொல்வான், அந்த அளவையும் சேர்த்துக்கொள்.

அத்தை (மதுராந்தகம்): சனிக்கிழமை இரவே இங்கே வந்துவிடு. காலையில் இருவரும் முதல் பஸ்ஸில் போகலாம். கூட்டத்தில் நானும் பேசுகிறேன் அண்ணா, எனக்கும் பட்டா இருக்கிறது.