வேகம் இல்லாத கார் ரலி: நல்லூரிலிருந்து எங்கே முடிக்கலாம்?

நல்லூர்வாசி:
பாடசாலைக்கால நண்பர்கள் ஐந்தாறு குடும்பமாகச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் ரலி நடத்த விரும்புகிறோம். வேகப்போட்டி அல்ல. குறிப்பைப் பார்த்து வழி கண்டு, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நல்லூரில் தொடங்கிக் கீரிமலையில் முடிக்க எண்ணம். எல்லாம் சாதாரணக் கார்கள்தான். எப்படி அமைப்பது? கைத்தொலைபேசி வரைபடத்தை அனுமதிக்கலாமா?

கரவெட்டியான்:
தம்பி, தொலைபேசிகளைத் தொடங்கும்போதே உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அவசரத்துக்கு மட்டும் பிரிக்கலாம். அது வழி சொன்னால் பக்கத்து இருக்கைக்காரருக்கு வேலையே இல்லை. இந்த விளையாட்டின் உயிர் அவர்தான்.

இங்கிலாந்தில் இருந்த காலத்தில், அங்குள்ள மோட்டார் கழகங்கள் இரவில் நடத்தும் 'பன்னிரண்டு கார்' ரலிகளில் வழி சொல்பவனாகப் போயிருக்கிறேன். பன்னிரண்டு கார்களுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள். மடியில் 1:50,000 வரைபடம், கையில் வரைபடத்தில் இடம் காட்டும் ஆறு இலக்கக் குறிப்பு. அந்த ஆறு இலக்கமும் ஒரு நூறு மீற்றர் சதுரத்தைக் காட்டும். மிச்சத்தை நீங்கள் தேட வேண்டும். சரியான பாதையால்தான் வந்தீர்களா என்று அறிய வழியோரம் எழுத்துப் பலகைகள் வைத்திருப்பார்கள். கண்டவர் எழுதிக்கொள்வார், குறுக்கே ஓடியவரின் தாளில் அந்த எழுத்து இராது. வளைந்து வளைந்து போகும் எங்கள் ஒழுங்கைகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

சராசரி வேகத்தை மணிக்கு 30 கிலோமீற்றர் என்று வையுங்கள். கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம்; கணக்கு மனத்திலேயே வரும். பிந்தி வருபவரைவிட முந்தி வருபவருக்குக் கூடுதலாகப் புள்ளி வெட்டுங்கள். பிறகு ஒருவரும் வேகமாக ஓட்ட மாட்டார்கள்.

கார்களின் தூரமானிகள் ஒன்றுபோல் காட்டுவதில்லை. கண்டி வீதிக் கிலோமீற்றர் கற்களை வைத்துப் பத்துக் கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். மானி 10.3 காட்டினால், குறிப்பிலுள்ள ஒவ்வொரு தூரத்தையும் 1.03 ஆல் பெருக்க வேண்டும்.

கீரிமலை வேண்டாம். காங்கேசன்துறை ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். கடவை பூட்டியதால் ஒருவர் தோற்பது நியாயமல்ல. அதற்குப் பதில் வடமராட்சிப் பக்கம் போங்கள், அங்கே ரயில் பாதையே இல்லை. கோப்பாய், நீர்வேலி, வல்லைவெளி, நெல்லியடி என்று போய் வல்லிபுர ஆழ்வார் கோவிலடியில் முடியுங்கள். இடையிடையே ஒழுங்கைகளுக்குள் இறக்குங்கள். வல்லைவெளியில் மட்டும் நேரக் கணக்கை நிறுத்திவிடுங்கள். அந்தக் காற்றையும் நீரேரியையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

சங்கானை வாசகி:
வழியை வசனமாக எழுதாமல் டியூலிப் படமாக வரையுங்கள். நெதர்லாந்தின் டியூலிப் ரலியின் பெயரால் வழங்கும் முறை அது. சந்திக்கு ஒரு சிறு படம்: புள்ளி நீங்கள் வரும் பக்கம், அம்பு போகும் பக்கம், அருகில் தூரம். கடைகளை அடையாளமாகப் போடாதீர்கள், பெயர்ப்பலகை மாறிவிடும். மதகு, கேணி, வைரவர் கோவில் போதும்.

நான் கணவருக்கு வழி சொல்பவள். குனிந்து வாசித்தபடியே போனால் வயிற்றைப் புரட்டும். அடுத்த இரண்டு மூன்று படங்களை மனத்தில் வாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்துங்கள்.

நல்லூர்வாசி:
நன்றி ஐயா, நன்றி அக்கா. வல்லிபுரம்தான். பலகைகளை முதல் நாளே கட்டலாமா?

கரவெட்டியான்:
அன்று விடியவே கட்டுங்கள். முதல் நாள் கட்டினால் காலையில் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலி யாருடையதோ அவரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பொலிஸ் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.