அம்மா நன்மை (பூசையில் தரும் நற்கருணை அப்பம்) வாங்குவதற்காகப் பட்டினி கிடக்கிறார், என்ன செய்ய?

தேயிலைக்காரி (மூணாறு பக்கம்):

இயேசுவுக்கே புகழ். எஸ்டேட் லயத்து வீட்டில் இருக்கிறோம். அம்மா ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்தவர். இப்போது பக்கவாதம் வந்து படுக்கை, கூடவே சர்க்கரை. எங்கள் டிவிஷன் கோவிலில் மாதம் ஒரு பூசைதான், மற்ற ஞாயிறுக்கு டவுனுக்கு இறங்க வேண்டும். மாத முதல் வெள்ளி ஃபாதர் ஜீப்பில் வந்து நோயாளிகளுக்கு நன்மை கொடுப்பார். அம்மாவுக்கு அந்த நாள்தான் பெருநாள். மூணாறு மவுண்ட் கார்மல் கோவிலை 2024இல் பசிலிக்கா (போப்பாண்டவர் தரும் சிறப்புத் தகுதி) ஆக்கியபோது போனில் காட்டினேன். பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி, வெள்ளிக்கிழமை ஃபாதர் வருவாரா?" என்றுதான் கேட்டார்.

பிரச்சினை என்னவென்றால், முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். மாத்திரையும் கிடையாது. ஃபாதர் மேல் லயத்தில் தொடங்கி எங்கள் வீட்டுக்கு வர பதினொன்று ஆகும், மழையில் ஜீப் சிக்கினால் இன்னும் தாமதம். போன தடவை வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் சொருகிவிட்டது. சீனித் தண்ணீர் நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். "ஆண்டவர் வருமுன்னே வாயில எதுவும் படக்கூடாதுன்னு எங்கம்மா சொல்லியிருக்கா." அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, "நீ ஞாயிறு அப்பத்தைக் கையில் வாங்கி ஜெபப் புத்தகத்துக்குள்ளே வைத்துக் கொண்டுவந்து கொடு" என்கிறார். செய்யலாமா? அப்புறம், நடக்கிற தூரத்தில் ஒரு சீரோ மலபார் கோவில் இருக்கிறது. அவர்களும் கத்தோலிக்கர்தான், வழிபாட்டு முறை வேறு. நாங்கள் லத்தீன் முறை. அங்கே நன்மை வாங்கினால் சரியா?

பழைய உபதேசியார் (சித்தூர், பாலக்காடு):

தங்கச்சி, அம்மா சொல்வது பொய்யில்லை, பழைய சட்டம். நடுராத்திரி முதல் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றுதான் இருந்தது. 1953இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) தண்ணீர் குடிக்கலாம் என்றார். 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்றானது. 1964இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். சட்டம் மாறியது, பாட்டி சொன்னது மாறவில்லை. எங்கள் பங்கிலும் இதே கதைதான் (இப்போது சுல்தான்பேட்டை மறைமாவட்டம், முன்னே கோயம்புத்தூரோடு இருந்தது). காலைக் காப்பியை மறைத்து வைத்துவிட்டு நன்மைக்குக் காத்திருக்கும் பாட்டிமாரை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்றைய சட்டத்தில் தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையே இல்லை. வயசாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. அவர்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அப்படியே, அதாவது உனக்கும். திருச்சபைச் சட்டம் 919. ஆனால் நீ சொன்னால் எடுபடாது. ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லிவை. அவர் கட்டில் பக்கத்தில் நின்று, "பாட்டி, கஞ்சி குடிச்சீங்களா? குடிச்சாத்தான் தருவேன்" என்று ஒருமுறை சொல்லட்டும்.

ஜெபப் புத்தக யோசனையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. அப்பம் துகள்களாக உதிரும், புத்தக மடிப்பில் ஒட்டும். பஸ்ஸில் கடைக்குப் போய்விட்டு வீடு திரும்பும் பையில் அதற்கு இடமில்லை. அக்காவின் எண்ணம் நல்லதுதான், வழிதான் தப்பு. ஞாயிறு கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் (டீக்கன்கள்) நன்மையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தின் எழுதியிருக்கிறார். நம்பி ஒப்படைக்கப்பட்டவர்கள் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாத நம்மைப் போன்றவர்கள்) நற்கருணைப் பணியாளராகலாம். பங்குத்தந்தையிடம் கேள், மறைமாவட்ட அனுமதியோடு பயிற்சி கொடுப்பார்கள். மூடியுள்ள சிறு சிமிழில் வைத்து, வழியில் எங்கும் நிற்காமல் நேராக வீடு. மாதம் ஒரு வெள்ளி என்பது ஞாயிறுதோறும் ஆகும்.

போடிக்காரி நர்ஸ்:

உபதேசியார் ஐயா சொன்னதோடு ஒன்று. வியர்வை, நடுக்கம், கண் சொருகல் எல்லாம் சர்க்கரை இறங்குவதன் அடையாளம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சீனி கொடுங்கள், நோன்பெல்லாம் அப்புறம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. மாத்திரை எந்த நேரம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடாத நாளில் சில மாத்திரைகளே ஆபத்து.

பக்கவாதம் என்பதால் முழு அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு புரையேறலாம். சின்னத் துண்டு போதும், சிறு துண்டிலும் முழு நற்கருணைதான். சுத்தமாக விழுங்க முடியாதவர்களுக்குப் பூசையில் அர்ச்சித்த திராட்சை ரசம் மட்டும் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

கட்டப்பனை மருமகள்:

நானும் லத்தீன்தான், வாக்கப்பட்டது சீரோ மலபார் குடும்பத்தில். தாராளமாகப் போங்கள். எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் நன்மை வாங்கலாம், ஞாயிறு பூசை காணும் கடனும் தீரும். சனி சாயங்காலப் பூசைக்கும் அதே கணக்கு. குர்பானா (அவர்களுடைய பூசை) நீளம். 2021க்குப் பிறகு பல இடங்களில் நடுவில் அச்சன் (ஃபாதர்) பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், திகைக்க வேண்டாம். சில கோவில்களில் அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தொட்டு நாக்கில் வைப்பார்கள், அங்கே கையை நீட்டாதீர்கள். மலையாளம் புரியாவிட்டால் பக்கத்துச் சேச்சி எழுந்தால் எழுந்திருங்கள். நான் அப்படித்தான் பழகினேன்.

தேயிலைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. ஃபாதருக்குப் போன் போட்டேன். இந்த வெள்ளி எங்கள் லயத்திலிருந்தே தொடங்குகிறாராம், கஞ்சி விஷயத்தை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பணியாளர் பயிற்சி பற்றியும் கேட்டுவிட்டேன். ஐயா, வீட்டில் என்ன தயார் செய்யணும்?

பழைய உபதேசியார்:

சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்பூன். டிவியை அணைத்துவிடு.